இஞ்சி தொலைத்த எழுத்து

டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 'ஜிஞ்சர்' என்பது நம்ம 'இஞ்சி'தான், வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோனது. இதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது 1600-இல். அதற்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் மருத்துவச் சுவடிகளில் இந்தச் சொல் ஏறிவிட்டது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் கம்பெனிக்காரர்கள் வாயில் விழுந்து 'கேட்டமரான்', 'ஷெரூட்', 'முல்லிகடானி' ஆன கதை வேறு. அவை நேற்றுப் போனவை. இஞ்சி ஊரைவிட்டுக் கிளம்பி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரியான அந்த முதல் பாதியையும் நாம் தவறான காரணத்துக்காகத்தான் நம்புகிறோம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன என்பதைத் தவிர நம்மிடம் வேறு சாட்சி இல்லை. சொல்லாராய்ச்சியில் இதைவிடச் சொத்தையான சாட்சி கிடையாது. 'எட்டு'ம் 'எய்ட்'டும்கூட ஒன்றுபோல்தான் கேட்கின்றன. 'ஒன்று'ம் 'ஒன்'னும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் இந்தப் பட்டியல் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வலம் வரும். ஆனால் 'எய்ட்'டைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்ட்டா' வரும். லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னே போகப் போக நம் எட்டைவிட்டு விலகித்தான் போகிறது. உறவு மெய்யானால் நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு: காலத்தில் பின்னே போகப் போக இரண்டு சொற்களும் நெருங்கி வர வேண்டும்.

இஞ்சி அந்தச் சோதனையில் தேறுகிறது. தேறும் விதம்தான் சுவாரசியம். 'ஜிஞ்சர்' என்று சொல்லும்போது முதலில் ஒரு 'ஜி' இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? நம் சொல்லில் வெறும் 'இ'தான் இருக்கிறது. கடன் வாங்கியவர்கள் தங்கள் கையிலிருந்து ஓர் எழுத்தைப் போட்டுக்கொண்டார்களா? இல்லை. எழுத்து நம்முடையது. நாம் தொலைத்துவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ரோமாபுரியில் ஆறு தினாரியஸ்

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் அடுப்படியிலும் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. 'ஜிஞ்சிவ்ர்' என்ற பழைய பிரெஞ்சு வடிவமும் அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான். அதற்கு முன்பே லத்தீன் படித்த வைத்தியர்கள் 'கிங்கிஃபெர்' என்று எழுதிவைத்திருந்தார்கள். இந்த இரண்டுக்கும் தாய் பிற்கால லத்தீனின் 'கிங்கிபெர்'. அதற்கும் முந்தைய லத்தீன் வடிவம் 'ஸிங்கிபெர்'. லத்தீன் அதைக் கிரேக்கத்திடமிருந்து வாங்கியது, கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'பெர்' என்ற அசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கர்களும் ரோமானியர்களும் இஞ்சியைப் பற்றி எழுதியதைப் படித்தால், பொருள் கையில் கிடைத்தும் அதன் ஊர் தெரியாமல் தவித்தது புரியும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் விலைப்பட்டியலே தருகிறார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15, இஞ்சி 6. இஞ்சி மிளகுக்கொடியின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்று திருத்துகிறார். அதுவரை சரி. அடுத்த மூச்சிலேயே, அது அரேபியாவிலும் செங்கடலோர ஆப்பிரிக்காவிலும் விளைகிறது என்று எழுதிவிடுகிறார். இவ்வளவு காரமாக இருந்தும் சீக்கிரம் உளுத்துப்போகிறது என்று ஒரு குறை வேறு. சுக்கு டப்பாவை மறந்துபோய் ஆறு மாதம் கழித்துத் திறந்தவர்கள் பிளினியோடு ஒத்துப்போவார்கள்.

அவர் காலத்து கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். உளுத்துப்போகும் என்பதால் சிலர் இஞ்சியை ஊறவைத்து மண்ஜாடிகளில் அடைத்து இத்தாலிக்கு அனுப்புகிறார்கள், அதை ஊறல் நீரோடு சேர்த்தே சாப்பிடுகிறார்கள் என்கிறார். இஞ்சி ஊறுகாய் ஏற்றுமதிக்கு இவ்வளவு பழைய சாட்சி வேறு இருக்குமா, சந்தேகம்தான். அவருக்கும் இஞ்சி அரேபியப் பயிர்தான். இருவரையும் குறை சொல்ல முடியாது. சரக்கு வந்து இறங்கியது அரபு வணிகர்களின் கையிலிருந்து. அந்த வணிகர்கள் கொள்முதல் செய்யும் ஊரைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? செங்கடலிலிருந்து முசிறிவரை துறைமுகம் துறைமுகமாகச் சரக்கு எழுதிய 'எரித்ரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க வழிநூலிலும் இஞ்சி இல்லை. மிளகுக்கு அங்கே அத்தனை இடம். இஞ்சிக்கு ஒரு வரி கிடையாது.

ஆனால் சுங்கக்காரர்களின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. கிழக்கிலிருந்து எகிப்துக்கு வரும் சரக்குகளுக்கு ரோமானியர் நான்கில் ஒரு பங்கு வரி விதித்தார்கள். வரி விதிக்கத்தக்க சரக்குகளின் பட்டியல் ஒன்றை மார்சியன் என்ற சட்ட அறிஞர் எழுதிவைக்க, 533-இல் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் அது சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. லவங்கப்பட்டை, திப்பிலி, வெண்மிளகு, கோஷ்டம் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் 'ஸிங்கிபெரி'யும் இருக்கிறது. கருமிளகுதான் இல்லை. ஏழை வீட்டுக் கஞ்சிக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட பண்டம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

ரோம் விழுந்த பிறகும் சொல் நிற்கவில்லை. இன்னொரு பாதையில் அது பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குள் புகுந்து, சிரியாக் வழியாக அரபியில் 'ஸன்ஜபீல்' ஆனது. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் சொர்க்கவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் கலந்திருப்பது இந்த ஸன்ஜபீல். ஐரோப்பிய வணிகர்கள் ஒருவழியாக ஊரைக் கண்டுபிடித்தது இடைக்காலத்தில்தான். பெகொலோத்தி என்ற பிளாரன்ஸ்காரர் 1340 வாக்கில் வணிகர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் இஞ்சி மூன்று வகை: பெல்லேதி, கொலொம்பினோ, மிக்கினோ. முதலாவது அரபியில் 'உள்நாட்டு' என்று பொருள்படும் 'பலதி'. மூன்றாவது மெக்கா வழியாக வந்த சரக்கு. நடுவில் இருக்கும் கொலொம்பினோ நம் கொல்லம். பிளாரன்ஸ் கடைத்தெருவில் கொல்லத்து இஞ்சி தனிப் பெயரோடு விற்றிருக்கிறது.

மானின் கொம்பு

கிரேக்கத்துக்கு முந்தைய படி இந்தியாவில். அங்கே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சாட்சி பாலி மொழியில் இருக்கிறது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில், நோயுற்ற பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்த வேர்களின் பட்டியல் வருகிறது. முதலில் மஞ்சள், இரண்டாவது இஞ்சி, மூன்றாவது வசம்பு. பிள்ளை பெற்ற வீட்டு அஞ்சறைப்பெட்டியை அப்படியே பார்த்து எழுதியது போலிருக்கும். அங்கே இஞ்சியின் பெயர் 'சிங்கிவேர'.

சிங்கி, வேர. கடைசி அசையை இப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லத்தீனின் 'பெர்', கிரேக்கத்தின் 'பெரிஸ்', அரபியின் 'பீல்' எல்லாம் நம் வேர்.

சமஸ்கிருதப் பண்டிதர்களுக்கு இந்தச் சொல் ஒரு சங்கடத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மொழியில் இதற்கு வேரும் இல்லை, பகுதி விகுதியும் இல்லை. அதனால் 'ச்ருங்கவேர' என்று அதற்குச் சட்டை மாட்டினார்கள். 'ச்ருங்கம்' என்றால் கொம்பு. 'வேரம்' என்றால் உடல். மான்கொம்பு போலக் கிளைத்த உடலுடையது என்று பொருள். புது இஞ்சி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விரல் அளவு கிழங்கிலிருந்து இன்னொன்று பக்கவாட்டில் பிரியும். அதிலிருந்து மற்றொன்று மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனியும் மழுங்கி, மெல்லிய தோலில் வரி வரியாகக் கணுவளையம் ஓடும். தோல் இன்னும் முதிராத மான்கொம்பு அச்சாக இப்படித்தான் இருக்கும். அந்தப் பண்டிதரின் கண்ணை மெச்சத்தான் வேண்டும். விளக்கம் அழகாக இருக்கிறது, உருவத்துக்கும் பொருந்துகிறது. ஆனாலும் அது பிற்பாடு கட்டிய கதை. கேட்ட அந்நியச் சொல்லை வீட்டுச் சொல்லாக்கிக் கொள்ள எல்லா மொழிக்காரர்களும் செய்கிற காரியம்தான். நாம் செய்ததில்லையா என்ன?

கொம்புக் கதையை முதலில் சந்தேகித்தவர்களில் இருவர் இங்கே ஆங்கில அரசு உத்தியோகம் பார்த்தவர்கள். ஹென்றி யூல் ராணுவப் பொறியாளர். ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் கலந்த சொற்களைத் திரட்டி இருவரும் உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1882-இலேயே காலமாகிவிட்டார். 'ஜிஞ்சர்' பதிவில் அவர்கள் எழுதியதன் சாரம் இது: சமஸ்கிருத விளக்கம் கற்பனை, சொல் தெற்கிலிருந்து உள்ளே வந்தது, மலையாளத்தில் 'இஞ்சி', 'இஞ்சிவேர்' என்கிறார்கள், இந்த இஞ்சிக்கு முன்னால் ஒரு காலத்தில் சகரம் இருந்திருக்க வேண்டும். நல்ல ஊகம். கையில் ஆதாரம் இல்லாததால் ஊகமாகவே நின்றது.

சகரம் உதிர்ந்த கதை

ஆதாரம் கிடைக்க இன்னும் அறுபது வருஷம் பிடித்தது. ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த தாமஸ் பரோ 1947-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற சகரம் பல இடங்களில் உதிர்ந்துபோனது என்பது அவர் நிறுவிய செய்தி. இதே பரோதான் பின்னாளில் மர்ரே எமனோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தந்தவர். முதல் பதிப்பு 1961, இரண்டாவது 1984. எமனோ நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதியவர்.

பரோவின் வழி எளிது. நாம் 'ஆறு' என்கிறோம்; மத்திய இந்தியக் காடுகளில் கோண்டி பேசுகிறவர்கள் 'சாருங்' என்கிறார்கள். நமக்கு 'உப்பு', கோண்டியில் 'சோவர்', பஸ்தர் பக்கத்துப் பர்ஜி மொழியில் 'சுப்'. கொடுப்பதைச் சொல்லும் நம் பழைய வினை 'ஈ'. ஒடிசாவின் குயி மொழியில் 'சீ'. ஒன்றிரண்டு சொல் என்றால் தற்செயல் எனலாம். வரிசையாக இத்தனை சொற்களில், அங்கே சகரம் இருக்கும் இடத்தில் நம்மிடம் ஒன்றும் இல்லை என்றால், ஏதோ ஒரு காலத்தில் நம் நாக்கு அந்த ஒலியை விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

கோண்டிவரை போகவும் வேண்டாம். தமிழிலேயே இரண்டு வடிவங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சிறகு, இறகு. சமர், அமர். சிப்பி, இப்பி. வெளியிலிருந்து வந்த சொற்களையும் இந்தப் பழக்கம் விடவில்லை. 'சமணர்' தேவாரக் காலத்துத் தமிழில் 'அமணர்' ஆனார்கள். 'சபா' என்ற சொல் 'அவை' ஆனது. 'சிராவண' மாதம் பிராகிருதத்தில் 'சாவண' ஆகி, நம்மிடம் வந்து 'ஆவணி'யாக உட்கார்ந்துவிட்டது. 'ஸஹஸ்ர' கன்னடத்தில் 'சாவிர'; தமிழில் 'ஆயிரம்'. ஆயிரம் ரூபாய் நோட்டு இருந்த நாளிலெல்லாம் அதில் ஒரு சகரம் தொலைந்திருப்பது யார் கண்ணுக்குப் பட்டது?

இதை இஞ்சிக்குப் பொருத்துங்கள். பழைய வடிவம் 'சிங்கி' அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்று. அதில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. முன்னும் பின்னும் இகரம் நின்றதால் நடுவிலிருந்த 'ங்க்' நெகிழ்ந்து 'ஞ்ச்' ஆனது. கன்னடர் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்பதும், அவர்கள் 'கேரி' நமக்குச் 'சேரி'யாக இருப்பதும் இதே நெகிழ்வுதான். இரண்டாவது காரியம், முதலில் நின்ற சகரம் உதிர்ந்தது. மிச்சம் இஞ்சி. இந்த மாற்றங்கள் நடப்பதற்கு முன்பே சொல்லை வாங்கிக்கொண்டு வடக்கே போனவர்கள் 'சிங்கிவேர' என்றே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சகரம் கிரேக்கத்தில் ஸகரமாகி, பிற்கால லத்தீனில் ககரமாகி, பிரெஞ்சில் ஜகரமாகி, ஆங்கிலத்தில் இன்றைக்கும் முதல் எழுத்தாக நிற்கிறது. பரோவும் அவருக்குப் பின் வந்த திராவிட மொழியியலாளர்களும் காட்டும் வழி இது.

இன்னொரு முடிச்சும் இங்கே அவிழ்கிறது. ரோமானியரோடு தமிழர் நேரடியாக வணிகம் செய்தார்களே, அவர்கள் வாயிலிருந்தே கிரேக்கர்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன் என்ற பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. கணன் தன் ஊர் இஞ்சியை அங்கே என்னவென்று சொல்லியிருப்பான்? பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அதை 'இஞ்சி' என்றே சொல்கின்றன. சங்க காலத்திலேயே சகரம் போய்விட்டது. கணன் சொல்லிக் கேட்டிருந்தால் கிரேக்கர்கள் 'இஞ்சிபெர்' என்பது போல ஏதோ எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதியது 'ஸிங்கிபெரிஸ்'. ஆகவே அவர்கள் காதில் விழுந்தது தமிழ் அல்ல, பிராகிருதம். முசிறிக்கும் ரோமுக்கும் இடையே நடந்த வணிகத்தின் நினைவுச்சின்னமாக இந்தச் சொல்லைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கப்பல்கள் கிளம்புவதற்கு முன்பே, தரைவழியாக வடக்கே போய் ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டுத்தான் இது கடல் ஏறியிருக்கிறது.

ஒரே சொல்லுக்கு ஒரு புத்தகம்

இந்தப் பயணத்தை முழுதாக எழுதியவர் ஆலன் ராஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர். 1952-இல் 'ஜிஞ்சர்: ஒரு கடன்சொல் ஆய்வு' என்று இந்த ஒரே சொல்லுக்காக ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இஞ்சி எந்த மொழியில் எந்த உருவத்தில் இருந்தாலும் விடாமல் துரத்திப் பிடித்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து அவர் எழுதிய வேறொரு கட்டுரை, மேட்டுக்குடி ஆங்கிலேயர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள், மற்றவர்கள் எதைப் பயன்படுத்துவார்கள் என்பது பற்றியது. பின்லாந்தின் ஆய்விதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரையை நாவலாசிரியர் நான்சி மிட்ஃபோர்ட் கையிலெடுக்க, இங்கிலாந்தே அமளிப்பட்டது. ராஸ் பெயரைக் கேட்டால் இன்று எல்லோரும் சொல்வது அந்தக் கட்டுரையைத்தான். இஞ்சிப் புத்தகத்தை நூலகத்தில் தூசி தட்டித்தான் எடுக்க வேண்டும். உழைத்ததற்கும் பேர் வந்ததற்கும் சம்பந்தமில்லாமல் போவது அவருக்கு மட்டும் நடந்ததல்ல.

இஞ்சியின் உறவுக்காரர்களை வரிசையாக நிறுத்தினால் வழுக்கி விழ வாய்ப்பான இடம் ஒன்று உண்டு: ஜெர்மன். அங்கே இஞ்சிக்கு 'இங்வர்'. ஸ்வீடிஷில் 'இங்கெஃபேரா', பின்னிஷில் 'இங்கிவேரி'. தமிழ் ஆர்வலர் யாராவது இதைக் கேட்டால் துள்ளிக் குதித்துவிடுவார். சகரமும் இல்லை, ஜகரமும் இல்லை, அச்சு அசலாக இஞ்சிவேர்! ஆனால் ஜெர்மனின் பழைய வடிவங்களில் முன்னெழுத்து இருக்கிறது. லத்தீன் 'கிங்கிபெர்' அங்கே போன பிறகு, அந்த மண்ணிலேயே அது உதிர்ந்தது. ஸ்வீடனும் பின்லாந்தும் அந்த உதிர்ந்த வடிவத்தை வாங்கிக்கொண்டன. நாம் விட்டதையே அவர்களும் விட்டார்கள், அவ்வளவுதான். நம்மைப் பார்த்து அவர்களும் விடவில்லை, நம்மிடமிருந்தும் வாங்கவில்லை. சிங்களத்தின் 'இங்குரு'வும் இப்படித்தான்: பக்கத்துத் தமிழிலிருந்து போனதுபோல் தெரியும், உண்மையில் பாலியின் சிங்கிவேரவிலிருந்து இறங்கி, சகரத்தைத் தன் வழியில் தேய்த்துக்கொண்டது. காதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இந்திக்காரர்கள் இந்தக் குடும்பத்திலேயே சேரவில்லை. அவர்களுடைய 'அத்ரக்' ஈரமானது என்று பொருள்படும் 'ஆர்த்ரக'விலிருந்து வந்தது. உலர்ந்ததற்குத் தனியாகச் 'சோன்ட்'. நம்மிடமும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது நம் சொல்லான இஞ்சி; காய்ந்ததும் 'சுக்கு'. இந்தச் சுக்கை, உலர்ந்தது என்று பொருள்படும் 'சுஷ்க'வோடு சேர்த்துக் காட்டுவது அகராதி வழக்கம். பச்சை இஞ்சியின் பெயரை வடக்குக்குக் கொடுத்துவிட்டு, காய்ந்ததன் பெயரை அங்கிருந்து வாங்கிக்கொண்டோம்.

அதற்கும் முன்னால்

'வேர்' நம்முடையது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. 'சிங்கி'? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. இஞ்சிச் செடி காட்டில் தானாக முளைத்து உலகில் எங்கும் கண்டதில்லை. மனிதன் நட்டால்தான் உண்டு. நடுவதும் விதையை அல்ல, கிழங்கைக் கிள்ளித்தான். அதன் பூர்விகம் தென்கிழக்காசியப் பக்கம் என்பது தாவரவியலாளர் கருத்து. கன்பூசியஸ் சாப்பாட்டில் இஞ்சி இல்லாமல் இருந்ததில்லை என்று அவருடைய சீடர்கள் தொகுத்த நூல் சொல்கிறது. சீனத்தில் அதன் பெயர் 'ஜியாங்'. மேகாலயாவின் காசி மொழியில் 'சிங்'. பர்மியத்திலும் இதே சாயல். ஆகவே 'சிங்கி'யும் கிழக்கிலிருந்து செடியோடு வந்த பெயராக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் நம் பங்கு என்ன? வந்த பெயரோடு வேரைச் சேர்த்து மேற்கே அனுப்பியது. சின்னப் பங்கு என்று நான் நினைக்கவில்லை. உலகம் வாங்கிக்கொண்டது அந்தக் கூட்டுச்சொல்லைத்தான்.

இதே செடியைப் படகில் வைத்துக்கொண்டு கடல் கடலாகத் திரிந்த ஆஸ்திரனேசிய மக்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அதன் வாரிசுதான் மலாயின் 'ஹலியா'. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் 'தே ஹலியா' கேட்டால் இஞ்சி டீ வரும். இஞ்சி என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த கூட்டத்தின் பிள்ளைகள், சம்பந்தமே இல்லாத இன்னொரு சொல்லால் அதை ஆற்றி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நாம் 'வேர்' என்று உலகுக்குச் சொன்னது உண்மையில் வேரே இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் படித்த பிள்ளையே திருத்தும்: அது மட்டநிலத்தண்டு. கணுவும் மொட்டும் இருக்கின்றனவே. வேருக்கு ஏது கணு? மண்ணைத் தோண்டினால் வருவதெல்லாம் வேர் என்பது சந்தைக்காரனின் தாவரவியல். அந்தத் தாவரவியல்தான் லண்டன்வரை போயிருக்கிறது.

ஆங்கிலத்தில் பிறந்த பிள்ளைகள்

ஆங்கிலத்துக்குள் போன பிறகு இந்தச் சொல் செய்த சேட்டைகளும் கொஞ்சமல்ல. கிறிஸ்துமஸ் நேரத்தில் பேக்கரிக் கண்ணாடிக்குள் பொம்மை பொம்மையாக நிற்கும் 'ஜிஞ்சர்பிரெட்'டில் இருக்கும் 'பிரெட்' ரொட்டி கிடையாது. பிரெஞ்சில் 'ஜிஞ்சம்ப்ராஸ்' என்றால் பாகில் பதப்படுத்திய இஞ்சி. கடைசி அசை ஆங்கிலேயர் காதில் 'பிரெட்' என்று விழுந்தது. பெயர் ரொட்டி என்று ஆகிவிட்டதால், பண்டமும் மெல்ல மெல்ல மாவுப் பண்டமாக மாறியது. 1400-இல் இறந்த சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' காலத்திலேயே இந்தக் குழப்பம் வந்துவிட்டது. ச்ருங்கவேரத்துக்குக் கொம்பு முளைத்த அதே முறைதான்.

'ஜிஞ்சர்லி' என்று ஒரு சொல் இருக்கிறது. பட்டும் படாமல், அடிமேல் அடி வைத்து என்று பொருள். அதற்கும் இஞ்சிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மென்மையானது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது தனியாக வந்தது. 'ஜிஞ்சர் அப்' என்பதில் இருப்பது அசல் இஞ்சி. ஒருவரைச் சுறுசுறுப்பாக்குவதை அப்படிச் சொல்கிறார்கள். அதன் பின்னணி கொஞ்சம் கூச்சமானது. குதிரைச் சந்தையில் கிழட்டுக் குதிரையை விற்கும் தரகன், அது வாலைத் தூக்கிக்கொண்டு மிடுக்காக நிற்கட்டும் என்பதற்காக, அதன் பின்துவாரத்தில் இஞ்சித் துண்டைச் செருகுவான். பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் இந்தத் தொழில் ரகசியம் பதிவாகியிருக்கிறது. இஞ்சி தின்ற குரங்கை நாம் அறிவோம். இந்தக் குதிரை தின்னவும் இல்லை.

தாவரவியலாளர்களிடம் போனபோதுதான் பழைய ஸகரம் திரும்பக் கிடைத்தது. லின்னேயஸ் வேறொரு பேரினத்தில் வைத்திருந்த செடியை வில்லியம் ராஸ்கோ 1807-இல் 'ஸிஞ்சிபெர் அஃபிசினாலே' என்று தனியே பிரித்துப் பெயரிட்டார். மஞ்சளும் ஏலக்காயும் சித்தரத்தையும் அடங்கிய குடும்பத்துக்கே இன்று அந்தப் பெயர்தான். வேதியியலாளர்களும் அதே வழியில் போனார்கள். பச்சை இஞ்சியில் நாக்கைச் சுடும் பொருள் 'ஜிஞ்சரால்'. இஞ்சியை வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி 'ஸிஞ்சரோன்' ஆகிவிடும். குழம்பில் கொதித்த இஞ்சி கடித்தாலும் உறைக்காமல் லேசாக இனிப்பது அதனால்தான். 1917-இல் அதை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் ஜப்பானின் தொஹோகுப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹிரோஷி நோமுரா. இஞ்சி உலரும்போது இன்னொன்று நடக்கிறது. ஜிஞ்சரால் தன்னிடமுள்ள நீரை இழந்து வேறொரு பொருளாகிறது. அதன் காரம் ஜிஞ்சராலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சுக்குக்காப்பி தொண்டையில் அப்படி இறங்குவது இதனால்தான். இதற்குப் பெயர் வைக்கும் வேளை வந்தபோது, ஜப்பானியர் இஞ்சியைத் தங்கள் மொழியில் 'ஷோகா' என்பதால், 'ஷோகால்' என்று வைத்துவிட்டார்கள்.